வண்டியை மறித்துச் சண்டைக்கு வருகிறார்களா? முதலில் கண்ணாடியை ஏற்றுங்கள்

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், இரவு எட்டரை மணி இருக்கும். செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் அம்மா. பின்னால் ஒரு வேன் ஹை பீம் அடித்தபடி ஒட்டிக்கொண்டே வந்தது. இடப்பக்கம் ஒதுங்க எனக்கு இடம் கிடைக்க அரை நிமிடம் ஆனது. முந்திய வேன் அப்படியே போய்விடவில்லை. முன்னால் குறுக்கே போட்டு நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டினார். அவர் விரலில் இருந்த மோதிரம் கண்ணாடியில் பட்டு டக் டக் என்று கேட்ட சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

நான் கண்ணாடியை இறக்கினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. "என்ன சார் பிரச்சினை?" என்று கேட்கத்தான் இறக்கினேன். அடுத்த நொடி அவர் கை என் சட்டைக் காலரில் இருந்தது. கழுத்தில் நகக்கீறல். போகும்போது அவர் விட்ட உதையில் வலப்பக்க சைடு மிரர் உடைந்து வயரில் தொங்கியது. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு காவல் நிலையம், மருத்துவமனை, சர்வீஸ் சென்டர் என்று நான்கு மாதம் அலைந்தேன். எதை எப்போது செய்ய வேண்டும் என்று தெரியாததால் வந்த அலைச்சல்தான் அதில் பாதி. புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கியவர்கள் அதைப் படக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. மறிப்பதற்கு முன்பே விலகிவிடுங்கள்

திடீரென்று யாரும் வந்து மறிப்பதில்லை. அதற்கு முன் ஒன்றிரண்டு நிமிடமாவது அறிகுறி தெரியும். விடாமல் ஹாரன், கண்ணாடியில் கண் கூசும் ஹை பீம், பக்கத்தில் வந்து கை நீட்டிப் பேசுவது, முன்னால் போய் வேண்டுமென்றே பிரேக் அடிப்பது. இதில் எதைப் பார்த்தாலும் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து அவரைப் போகவிடுங்கள். பதிலுக்கு ஹாரன் அடிக்காதீர்கள், பிரேக் அடித்துக் காட்டாதீர்கள், முறைக்காதீர்கள். தப்பு யார் பக்கம் இருந்தாலும் கையை லேசாகத் தூக்கி ஒரு 'சாரி' காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் அதோடு போய்விடுவார்கள்.

போகாமல் பின்தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். வீடு எது என்று அவருக்குத் தெரிய வேண்டாம். வெளிச்சமும் ஆளும் கேமராவும் உள்ள இடத்துக்குள் வண்டியை விடுங்கள்: பெட்ரோல் பங்க், டோல்கேட், காவல் நிலையம், இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருத்துவமனை வாசல். ஜி.எஸ்.டி. சாலை மாதிரி இடங்களில் சில கிலோமீட்டருக்கு ஒரு பங்க் வந்துவிடும். பங்கில் பம்புக்குப் பக்கத்தில், ஊழியர்கள் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஓரமாக இருட்டில் நிறுத்தினால் அங்கே போயும் பயனில்லை.

சிக்னலில் நிற்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முன் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டு நில்லுங்கள். அந்த இடைவெளி இருந்தால் ரிவர்ஸ் எடுக்காமலேயே வண்டியைத் திருப்பி வெளியே வந்துவிடலாம்.

2. மறித்துவிட்டால், அந்த முதல் நிமிடம்

சென்டர் லாக் போடுங்கள். நான்கு கண்ணாடியும் முழுக்க ஏறியிருக்கிறதா பாருங்கள். பின் இருக்கைக் கண்ணாடியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். இன்ஜினை அணைக்க வேண்டாம். இறங்கவே இறங்காதீர்கள், "இறங்குடா" என்ற சொல் காதில் விழுந்தவுடன் உடம்பு தானாகக் கதவைத் திறக்கப் போகும், அதை அடக்க வேண்டும். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் கண்ணாடியை விரல் நுழையாத அளவுக்கு மட்டும் இறக்கி, "சாரிண்ணே, நீங்க போங்க" என்று ஒருமுறை சொல்லுங்கள். போதும். யார் தப்பு என்ற விவாதம் அந்த இடத்தில் தீராது.

பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதியானால் மட்டும் ரிவர்ஸ் எடுத்து விலகுங்கள். அவர் உங்கள் பம்பருக்கு முன்னால் நின்றுகொண்டால் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். மெதுவாகத் தள்ளினாலும் வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஹாரனை விடாமல் அடியுங்கள், நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தால் பொதுவாக "யாராவது வாங்க" என்று கத்துவதைவிட, "பச்சைச் சட்டை அண்ணா, கொஞ்சம் இங்க வாங்க" என்று ஒருவரைக் குறிப்பிட்டுக் கூப்பிடுங்கள். அவர் கட்டாயம் வருவார் என்று சொல்ல முடியாது. ஆனால் பொதுவாகக் கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லை.

லைசென்ஸ், ஆர்.சி. புக், சாவி, போன் எதையும் கொடுக்காதீர்கள். ஆவணங்களைக் கேட்கச் சீருடையில் இருக்கும் அதிகாரிக்குத்தான் சட்டப்படி உரிமை உண்டு, எதிர்வண்டிக்காரருக்கு இல்லை. "பத்தாயிரம் எடு, விட்டுடுறேன்" என்ற பேரமும் வரும். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் கொடுத்துவிடுங்கள், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யு.பி.ஐ.யில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். அவர் யார் என்று காவல்துறை கண்டுபிடிக்க அதுவே வழியாகும்.

3. 112-க்கு என்ன சொல்ல வேண்டும்

வண்டியில் இரண்டாவது ஆள் இருந்தால் மறித்த உடனே அவர் 112-ஐ அழைக்கட்டும். 100 போட்டாலும் காவல்துறைதான் எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் நீங்களே போனைக் கையில் எடுக்காதீர்கள். அதற்கே தனியாக அபராதம் உண்டு.

சொல்ல வேண்டியது ஐந்து விஷயம்தான், இந்த வரிசையில்: இடம், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், என்ன நடக்கிறது, அந்த வண்டியின் நிறமும் எண்ணும், உங்கள் வண்டியின் நிறமும் எண்ணும். "ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிறோம்" என்று மட்டும் அம்மா பதற்றத்தில் சொன்னார். அந்தச் சாலை எவ்வளவு நீளம்! நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல், மேம்பாலம், கடைசியாகக் கடந்த டோல்கேட் ஆகியவைதான் இடத்தைக் காட்டும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நகர முடியாமல் நின்றுவிட்டால் 1033 எண்ணையும் அழைக்கலாம், ரோந்து வண்டியும் கிரேனும் அனுப்புவார்கள். காயம் என்றால் 108.

தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போனில் இறக்கி வையுங்கள். அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும், வாயால் விளக்க வேண்டியதில்லை. இறக்கியவுடன் பதிவு செய்து முடித்துவிடுங்கள். ஆபத்து வந்த பிறகு ஓ.டி.பி.க்குக் காத்திருக்க முடியாது.

4. பைக், ஸ்கூட்டரில் இருந்தால்

உங்களுக்குக் கதவும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. எனவே இடம்தான் பாதுகாப்பு. திறந்திருக்கும் டீக்கடையோ மருந்துக்கடையோ கண்ணில் பட்டால் நேராக அதன் வாசலில் போய் நில்லுங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மறிப்பவர்கள் முதலில் செய்வது வண்டிச் சாவியைப் பிடுங்குவதுதான். அதனால் நின்றவுடன் நீங்களே சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடாமல் உள்பையில் போட்டு, வண்டியை விட்டு விலகிக் கடைக்குள் போய்விடுங்கள். வண்டிக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

திருப்பி அடிக்காதீர்கள். தற்காத்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தடுப்பதற்குத் தேவையான அளவுக்குத்தான் அது பொருந்தும். ஒரு அடி கூடுதலாக விழுந்தால் அவரும் புகார் கொடுப்பார், இருவர் மேலும் வழக்குப் பதிவாகும். கவுன்டர் கேஸ் என்று நிலையத்தில் சொல்வார்கள். அது வந்துவிட்டால் உங்கள் புகாரின் பலம் அங்கேயே பாதியாகிவிடும்.

5. உண்மையிலேயே மோதியிருந்தால்

உரசலிலோ மோதலிலோ யாருக்காவது காயம் என்றால், பயந்துபோய் ஓடிவிட்டதாக உங்கள் மேல் வந்துவிடக் கூடாது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலைமைக்கு அதே பிரிவு விலக்கும் தருகிறது. அப்படி நகர வேண்டி வந்தால் நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். எப்படி இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். போகும் வழியிலேயே 108-க்கும் 112-க்கும் போன் செய்துவிடுங்கள், அந்த அழைப்பு நேரமே உங்களுக்குச் சாட்சி.

6. அவர் போன பிறகு முதல் அரை மணி நேரம்

கை நடுங்கும். உடனே வண்டியை எடுக்காதீர்கள். பாதுகாப்பான இடம் வரை மட்டும் ஓட்டி, தண்ணீர் குடித்து, இருபது நிமிடம் உட்காருங்கள். அந்த இருபது நிமிடத்தில் போனின் ரெக்கார்டரைப் போட்டு, நடந்ததை உங்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள்: நேரம், இடம், வண்டி எண், ஆளின் தோற்றம், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே. எனக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கம்தான் மனதில் நின்றது. மறுநாள் காலையில் அதிலும் நடு இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. வேனின் பின் கண்ணாடியில் பாதி கிழிந்த மயில் ஸ்டிக்கர் இருந்ததை அம்மா சொன்னார். கடைசியில் வண்டியை அடையாளம் காட்டியது அதுதான். கூட வந்தவர்களையும் தனித்தனியாகச் சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள்.

சேதத்தைப் படம் எடுங்கள், வண்டி எண் தெரியும்படி ஒன்று, கிட்டத்தில் ஒன்று. டாஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை உடனே உருவி எடுத்து வையுங்கள். அது பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும்.

பின்தொடர்ந்து போய் ஆளைக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள்.

7. காயம் சின்னதாக இருந்தாலும் அன்றே மருத்துவமனை

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அன்றிரவே போங்கள். தாக்கப்பட்டு வந்ததாகச் சொன்னால் விபத்துப் பதிவேட்டில் எழுதி, காவல் நிலையத்துக்கும் தகவல் அனுப்புவார்கள். அந்தப் பதிவின் நகலைத்தான் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) காப்பி என்கிறார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அங்கேயும் காரணத்தைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

இங்கே நான் விழுந்த பள்ளத்தில் நீங்கள் விழாதீர்கள். போலீஸ், கேஸ் என்று இழுக்குமே என்ற பயத்தில் மருத்துவரிடம் "கதவு பட்டுக் கீறிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். அவரும் அப்படியே எழுதினார். பிறகு காவல் நிலையத்தில் "ஆஸ்பத்திரியில ஒண்ணு, இங்க ஒண்ணு சொல்றீங்களே" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. முதல்முறை சொல்வதே உண்மையாக இருக்கட்டும்.

8. புகார்: எங்கே, எப்படி, எத்தனை நாளில்

இந்த வழித்தடத்தில் எல்லைக் குழப்பம் உண்டு. சாலையின் ஒரு பகுதி தாம்பரம் மாநகரக் காவலுக்கு வரும், இன்னொரு பகுதி செங்கல்பட்டு மாவட்டக் காவலுக்கு வரும். நான் முதலில் போன நிலையத்தில் "எங்க லிமிட் இல்லை" என்றார்கள். அடுத்த நிலையத்திலும் அதே பதில். அப்போது எனக்குத் தெரியாதது இது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைக் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். மின்னணு முறையிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிவானால் நகல் இலவசம். யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

பொதுவாக நடப்பது என்னவென்றால், முதலில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) தருவார்கள். அதில் எண், தேதி, முத்திரை, கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். ரசீது இல்லாமல் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தால் கொடுத்ததற்கு அடையாளமே இருக்காது. நான் ரசீது வாங்கியது பன்னிரண்டாம் நாள்தான்.

மனுவை இரண்டு பக்கத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நேரம், இடம், என்ன நடந்தது, என்ன சேதம், யார் சாட்சி. "அசிங்கமாகத் திட்டினார், மிரட்டினார்" என்று நான் எழுதியிருந்தேன். நிலைய எழுத்தர் மனுவைத் திருப்பித் தந்து, "என்ன வார்த்தைன்னு எழுதுங்க சார்" என்றார். கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். ஆபாச வார்த்தைக்கும், மிரட்டலுக்கும், வழிமறித்ததற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (புதிய தண்டனைச் சட்டம்) தனித்தனிப் பிரிவுகள் உள்ளன: 296, 351, 126. அடித்ததற்கு 115, பொருளைச் சேதப்படுத்தியதற்கு 324. பிரிவு எண்களை நீங்கள் எழுத வேண்டியதில்லை; அந்தந்தச் செயலை விடாமல் எழுதினால் போதும்.

இணைக்க வேண்டியவை: ஆதார் நகல், ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் நகல், படங்கள், ஏ.ஆர். காப்பி, பழுதுபார்க்கும் எஸ்டிமேட். எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள்.

சாட்சி சொல்ல அம்மாவை நிலையத்துக்கு அழைத்து வரச் சொன்னார்கள். பெண்களையும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் விசாரணைக்காக வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது. பணிவாக எடுத்துச் சொன்னேன். மறுநாள் காவலர் ஒருவர் வீட்டுக்கே வந்து எழுதிக்கொண்டு போனார்.

நிலையத்தில் வாங்கவே மறுத்தால், அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம், அதற்கு வழக்கறிஞர் தேவைப்படும்.

9. வீடியோவைப் பத்திரப்படுத்துவது

சி.சி.டி.வி. பதிவுக்கு அன்றே, முடியாவிட்டால் மறுநாளே அலையுங்கள். சம்பவ இடத்துக்கு எதிரே இருந்த கடையின் கேமராவில் ஏழு நாள் பதிவுதான் தங்குமாம். நான் போனது ஒன்பதாம் நாள். பங்க்காரர் நல்ல மனிதர். அவரிடம் பதினைந்து நாள் பதிவு இருந்தது, வேன் கடந்து போனது அதில் கிடைத்தது. உங்களிடம் தரத் தயங்கினால், அழிக்காமல் வைத்திருக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டு, கேமரா இருக்கும் இடங்களை மனுவில் எழுதிவிடுங்கள். காவல்துறை கேட்டால் தருவார்கள்.

உங்கள் போனிலோ டாஷ்கேமிலோ உள்ள வீடியோவை வெட்டவோ, மேலே எழுத்துச் சேர்க்கவோ கூடாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். மூலக் கோப்பு இருக்கும் கார்டை மாற்றாமல் தனியாக வையுங்கள். நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின் கீழ் ஒரு சான்றிதழும் தேவைப்படும். அப்போது மூலக் கோப்பைத்தான் கேட்பார்கள். சமூக வலைத்தளத்தில் போட்டு நியாயம் கேட்கும் ஆசை வரும். புகார் கொடுக்கும் முன் அதைச் செய்யாதீர்கள்.

10. இன்சூரன்ஸ்: கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள்

தேர்ட் பார்ட்டி பாலிசி (பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுகட்டுவது) மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில், வேண்டுமென்றே பிறர் செய்த சேதமும் அடங்கும். பழுது பார்ப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். சர்வேயர் (நிறுவனம் அனுப்பும் சேத மதிப்பீட்டாளர்) பார்க்காமல் மாற்றிவிட்டால் சிக்கல். நிறுவனம் உங்களிடம் சி.எஸ்.ஆர். நகல் கேட்கலாம்.

என் கணக்கைச் சொல்கிறேன். மிரர் 6,000, கூலி 1,200, மொத்தம் 7,200 ரூபாய். என்னிடம் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் காப்பீடு) இல்லை. பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் என்றால் 3,000 போய்விடும். சின்ன கார்களுக்குக் கட்டாயக் கழிவு (கிளைமில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000. கைக்கு வருவது ஏறத்தாழ 3,200. ஆனால் கிளைம் செய்தால் நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும். அடுத்த புதுப்பித்தலில் எனக்கு 45 சதவீதம் வரவேண்டியிருந்தது; 9,000 ரூபாய் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் அது 4,050. எனவே கையிலிருந்தே கட்டினேன். கதவு, கண்ணாடி என்று சேதம் பெரிதாக இருந்திருந்தால் கிளைம்தான் சரி.

11. சமரசம் பேசினால்

வேனைக் கண்டுபிடித்து அவரை வரவழைத்தார்கள். நிலையத்தில் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார், மிரர் செலவைக் கொடுக்கிறேன் என்றார். எனக்கு எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கவில்லை, மனு நிலையிலேயே ஒத்துக்கொண்டேன். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஒப்புக்கொண்டால் பணம் கைக்கு வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இனி தொடர்பு கொள்ளவோ பின்தொடரவோ மாட்டேன் என்ற வரியையும் எழுதி வாங்குங்கள், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு என்றால் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதோடு முடியாது, நீதிமன்றம் வழியாகத்தான் முடிக்க வேண்டும்.

12. இந்த வாரமே செய்து வைக்க வேண்டியவை

டாஷ்கேம் நான்காயிரம் ரூபாய் அளவில் தொடங்குகிறது. வாங்கினால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் பதிவாகும்படி வாங்குங்கள், என்னை ஒட்டிக்கொண்டு வந்தவர் பின்னால்தான் இருந்தார். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூன்றையும் டிஜிலாக்கரில் ஏற்றிவிடுங்கள்.

டேஷ்போர்டில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். 112, 108, 1033, எங்கள் வண்டி எண், வண்டி நிறம், என் தம்பியின் போன் எண். அம்மா படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில், கறுப்பு மார்க்கரில் எழுதியது.